கயிறு இழுத்து இழுத்து தோள் வலிக்குதா? பவர் வீடர் ஸ்டார்ட் ஆகாததற்கு இதுதான் காரணமாக இருக்கலாம்!

தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு தாலுகாவில் இருக்கிறது மாரண்டஹள்ளி. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, இன்னொரு பக்கம் தக்காளித் தோட்டம். சற்றுத் தள்ளி பஞ்சப்பள்ளி சின்னாறு அணை. பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டைத் தெரியாத காய்கறி வியாபாரி இந்தப் பக்கத்தில் இருக்க மாட்டார்.

தக்காளி நட்ட ஏறக்குறைய 30-வது நாளில் களை எடுத்தாக வேண்டும். அதைத் தள்ளிப் போட முடியாது. ஒரு மழை விழுந்தால் போதும், பயிரைவிடக் களைதான் வேகமாக வளரும். போட்ட உரத்தையும் அதுவே முதலில் சாப்பிட்டுவிடும். களை எடுக்க ஆள் தேடினால் 'நாளைக்கு வர்றோம்' என்பார்கள். அந்த நாளை வருவதற்குள் ஒரு வாரம் போய்விடும். அதனால்தான் சின்ன விவசாயிகள்கூட இன்று பவர் வீடர் வாங்குகிறார்கள். சிலர் மானியத்தில், சிலர் கடனில், சிலர் பங்காளியோடு கூட்டு சேர்ந்து.

ஆனால், தேவைப்படும் அன்றைக்குத்தான் அது மக்கர் பண்ணும். ஆறு மாதமாகக் கொட்டகையில் கிடந்த மிஷினை வெளியே தள்ளி வந்து கயிறை இழுத்தால், 'டர்ர்ர்...' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பத்து தடவை, இருபது தடவை இழுத்தும் பலன் இல்லை. தோள்பட்டை வலி மட்டும் மிச்சம். கடைசியில், 'மிஷின் போச்சு' என்று முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கள். நீண்ட நாள் நின்று போய் ஸ்டார்ட் ஆகாத சின்ன பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலானவை கெட்டுப்போன இன்ஜின்கள் அல்ல. உள்ளே கிடக்கும் பெட்ரோல்தான் கெட்டுப்போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு கண்ணாடி பாட்டில், அரை மணி நேரம் போதும். ஒரே ஒரு நிபந்தனை, வரிசையாகப் பார்க்க வேண்டும். காசு செலவாகாத சோதனை முதலில், செலவு வைக்கும் சோதனை கடைசியில்.

புல்வெட்டியும் பவர் வீடரும் பங்காளிகள்!

ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒருவர் குட்டி டிராக்டர் மாதிரி ஒன்றில் உட்கார்ந்து வீட்டுப் புல்வெளியை வெட்டிக்கொண்டிருப்பார். நம் ஊரில் அந்த வண்டியை கோல்ஃப் மைதானம், ஸ்டேடியம், பெரிய பூங்கா போன்ற இடங்களில்தான் பார்க்க முடியும்.

புல்வெட்டும் இயந்திரத்தின் கதை 1830-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. எட்வின் படிங் என்பவர் அந்த ஆண்டு அதற்குக் காப்புரிமை வாங்கினார். அது கையால் தள்ளும் இயந்திரம். பிற்பாடு அதில் பெட்ரோல் இன்ஜின் ஏறியது, பிறகு மனிதரும் ஏறி உட்கார்ந்தார்.

அந்த வண்டிக்கும் நம் பவர் வீடருக்கும் உருவத்தில் சம்பந்தமே இல்லை. ஆனால், உள்ளே ஓடும் இன்ஜின் ஒரே குடும்பம். ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின், ஒரு கார்புரேட்டர், பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர், ஒரு ஸ்பார்க் பிளக். தென்னந்தோப்புக்குத் தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் பம்ப்செட், மருந்து அடிக்கும் பவர் ஸ்பிரேயர், கல்யாண வீட்டு ஜெனரேட்டர் என்று பலவற்றிலும் இதே வகை இன்ஜின்தான். எனவே, ஒன்றின் வைத்தியம் மற்றதற்கும் பொருந்தும்.

(உங்கள் வீடர் டீசலில் ஓடுவதா? அதற்குக் கார்புரேட்டரும் கிடையாது, ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. டேங்க் காலியாகும் வரை ஓட்டிவிட்டால் டீசல் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். அந்தக் காற்றை வெளியேற்றினால்தான் ஸ்டார்ட் ஆகும். கீழே சொல்லப்போவது பெட்ரோல் இன்ஜினுக்கு மட்டும்.)

நான்கே நான்கு விஷயம்

அடுப்பு எரிய என்ன வேண்டும்? விறகு, நெருப்பு, காற்று. இன்ஜினுக்கும் அதேதான். பெட்ரோல், ஸ்பார்க், காற்று. கூடுதலாக ஒன்று, அந்தக் கலவையை நன்றாக அழுத்துகிற 'கம்ப்ரஷன்'.

இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் இன்ஜின் ஓடாது. நான்கும் இருந்தால் ஓடாமல் இருக்க வழியே இல்லை. மெக்கானிக் பட்டறையில் நடப்பதும் இந்த நான்கையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பதுதான்.

கை வைக்கும் முன்...

* மிஷினை சமதளமான, திறந்த இடத்துக்குக் கொண்டு வாருங்கள். மூடிய கொட்டகைக்குள் ஸ்டார்ட் செய்யாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஆளையே கொல்லும். கிணற்றுக்குள் இன்ஜினை இறக்கி ஓட்டவே கூடாது என்பதும் இதனால்தான்.
* கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும்.
* பீடி, சிகரெட், பக்கத்தில் எரியும் அடுப்பு எதுவும் கூடாது. சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது.
* கத்தியில் சிக்கிய கொடியையோ கயிறையோ எடுக்கப் போகிறீர்களா? முதலில் ஸ்பார்க் பிளக்கின் தலையில் இருக்கும் ரப்பர் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். கத்தியைக் கையால் சுற்றும்போது இன்ஜினும் சேர்ந்து சுற்றி, திடீரென்று ஸ்டார்ட் ஆகிவிடும் ஆபத்து உண்டு.

படி 1: சுவிட்ச், காக், சோக்

சிரிக்காதீர்கள். பாதி நேரம் விஷயம் இங்கேயே முடிந்துவிடும்.

இன்ஜின் சுவிட்ச் 'ஆன்' நிலையில் இருக்கிறதா? டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே இருக்கும் பெட்ரோல் காக் திறந்திருக்கிறதா? வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த இரண்டையும் கட்டாயம் பாருங்கள்!

அடுத்தது சோக். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சோக்கை மூட வேண்டும். அப்போதுதான் காற்று குறைந்து, பெட்ரோல் அதிகமாகப் போகும். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும். ஓடி நின்ற சூடான இன்ஜினுக்கு சோக் தேவையில்லை. சூடாக இருக்கும்போதும் சோக்கை மூடிக்கொண்டு இழுத்தால், உள்ளே பெட்ரோல் நிறைந்து பிளக் நனைந்துவிடும்.

பிறகு இன்ஜின் ஆயில். சில இன்ஜின்களில் ஆயில் குறைந்தால் தானாகவே ஸ்பார்க்கை நிறுத்திவிடும் பாதுகாப்பு வசதி உண்டு. அப்படிப்பட்ட மிஷினில் ஆயில் குறைந்திருந்தால் நீங்கள் எத்தனை முறை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. போதுமான ஆயில் இருந்தும் மிஷின் சரிவில் நின்றால் இதே நிலை வரலாம். சமதளத்தில் நிறுத்தி அளவு பாருங்கள். உதாரணமாக, உலகமெங்கும் ஓடும் ஹோண்டா ஜி.எக்ஸ். 160 இன்ஜினுக்கு மொத்தமே சுமார் 0.6 லிட்டர் ஆயில்தான். அதில் 200 மில்லி குறைவது என்பது மூன்றில் ஒரு பங்கு குறைவது.

கயிறை எப்படி இழுப்பது? முதலில் மெதுவாக இழுங்கள். ஓர் இடத்தில் கனமாகத் தட்டுப்படும். அங்கே நிறுத்தி, கயிறைப் பழைய இடத்துக்கு விட்டு, பிறகு ஒரே இழுப்பாக வேகமாக இழுங்கள். இழுத்த கைப்பிடியை அப்படியே விட்டுவிடாமல், கையோடு கொண்டு போய் விடுங்கள். ஐந்தாறு முறை இழுத்தும் ஆகவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இழுப்பது தோளுக்குத்தான் கேடு.

படி 2: பெட்ரோலுக்கு வயசு என்ன?

இதுதான் முக்கியமான கேள்வி. டேங்கில் இருக்கும் பெட்ரோல் எப்போது ஊற்றியது? போன போகத்துக்கு ஊற்றியது என்றால், குற்றவாளி அநேகமாகக் கிடைத்துவிட்டார்.

பெட்ரோல் பல பொருள்களின் கலவை. அதில் லேசான பகுதிதான் சீக்கிரம் ஆவியாகும், சீக்கிரம் பற்றும். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆக அந்தப் பகுதிதான் உதவும். மாதக்கணக்கில் நின்றால் அது முதலில் பறந்துவிடும். மிச்சம் இருப்பது கனமான பகுதி. நாளாக ஆக அது பிசின் மாதிரி கெட்டியாகி, கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இன்று பங்கில் நாம் வாங்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூரில் அறிமுகமானது. இப்போது நாடு முழுக்க அதுதான். கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுக்கப்படும் எத்தனாலுக்கு ஒரு குணம் உண்டு. அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். காற்றில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும்.

இன்ஜினுக்கு பெட்ரோல் போவது டேங்கின் அடியிலிருந்து. ஆக, முதலில் உள்ளே போவது அந்தத் தண்ணீர்தான்!

தினமும் ஓடும் பைக்கில் இந்தப் பிரச்னை பெரிதாகத் தெரியாது. பெட்ரோல் தங்கினால்தானே கெடும்? வருடத்தில் இருபது நாள் மட்டும் ஓடும் வீடர்தான் இதில் அகப்பட்டுக்கொள்கிறது. பழைய சின்ன இன்ஜின்கள் பலவற்றின் கையேட்டில் 'எத்தனால் 10% வரை' என்றுதான் போட்டிருக்கும். அப்படிப்பட்ட மிஷினில் ரப்பர் குழாய், வாஷர் போன்றவை ஊறியோ வெடித்தோ இருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பது நல்லது.

எப்படிச் சோதிப்பது? கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் தொங்கும். அதன் அடியிலோ பக்கத்திலோ ஒரு திருகு இருக்கும். கீழே கண்ணாடி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, திருகைத் தளர்த்துங்கள். வந்ததை இரண்டு நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள்.

* அடியில் தனியாக ஒரு படலமோ முத்து முத்தாகவோ தெரிந்தால், தண்ணீர் கலந்திருக்கிறது.
* பழுப்பு நிறம், பெயின்ட் வாடை வந்தால், பழைய பெட்ரோல்.
* எதுவுமே வரவில்லை என்றால், காக்கைத் திறந்து பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பெட்ரோல் கீழே இறங்கவே இல்லை. ஃபில்டர், காக், குழாய் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் அடைப்பு.

முதல் இரண்டில் எது என்றாலும் டேங்கையும் கிண்ணத்தையும் முழுக்கக் காலி செய்து, புது பெட்ரோல் ஊற்றி இழுத்துப் பாருங்கள். பல வீடர்கள் இந்த இடத்திலேயே கிளம்பிவிடும்.

ஸ்டார்ட் ஆகி ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறதா? டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். ஓடினால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் கீழே இறங்காது. செம்மண் புழுதியில் இது சகஜம். மூடியைக் கழுவினால் போதும்.

படி 3: பிளக்கைக் கேளுங்கள், அது சொல்லும்

இன்ஜின் ஆறியதும் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் முனையைப் பார்த்தாலே பாதி ஜாதகம் தெரிந்துவிடும்.

* காய்ந்திருந்தால்: பெட்ரோல் சிலிண்டருக்குள் வரவில்லை. மறுபடி படி 2, பிறகு படி 5.
* பெட்ரோலில் நனைந்திருந்தால்: பெட்ரோல் வருகிறது. ஸ்பார்க் இல்லை, அல்லது சோக் போட்டு அளவுக்கு மீறி இழுத்துவிட்டீர்கள்.
* கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால்: காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைப் பாருங்கள்.
* எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால்: இன்ஜின் ஆயில் மேலே ஏறுகிறது. அதிகமாக ஊற்றியிருக்கலாம், மிஷினைச் சாய்த்துப் போட்டிருக்கலாம், பிஸ்டன் ரிங் தேய்ந்தும் இருக்கலாம்.

நனைந்த பிளக்கைத் துடைத்துக் காயவையுங்கள். சுவிட்சை அணைத்து, பிளக் இல்லாமல் நாலைந்து முறை கயிறை இழுத்தால் உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறும். முகத்தை அந்தத் துளைக்கு நேராக வைக்காதீர்கள். பிறகு பிளக்கை மாட்டி, சோக்கைத் திறந்து வைத்து இழுங்கள்.

பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியும் முக்கியம். ஜி.எக்ஸ். 160-க்கு அது 0.7 முதல் 0.8 மி.மீ. உங்கள் மிஷினுக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அதே நம்பர் கொண்ட புது பிளக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒருவர் களை எடுக்கும் ஒரு நாள் கூலியைவிட பிளக்கின் விலை குறைவுதான்.

பிளக்கை மாட்டும்போது முதலில் கையால் திருகுங்கள். எடுத்த எடுப்பில் ஸ்பேனர் போட்டால் மரை கெட்டுவிடும். அதன் பிறகு ஆகும் செலவு பிளக்கின் விலை இல்லை, ஹெட்டின் விலை!

ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க, பிளக்கை இன்ஜின் உடம்பில் ஒட்டி வைத்துக் கயிறு இழுப்பது நம் ஊர் வழக்கம். பக்கத்துத் துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி இந்தப் பொறியில் பற்றிக்கொள்ளலாம். மின்னதிர்ச்சியும் அடிக்கும். அதற்கென்று சின்ன ஸ்பார்க் டெஸ்டர் கடைகளில் கிடைக்கிறது. அதில் பார்ப்பதே பாதுகாப்பு.

புது பிளக் போட்டும் ஸ்பார்க் இல்லை என்றால், சுவிட்சிலிருந்து வரும் ஒயரைப் பாருங்கள். இந்த ஒயர் இன்ஜினை நிறுத்துவதற்கானது. எங்காவது உரசித் தோல் உரிந்து இரும்பில் பட்டால், 'ஆஃப்' செய்ததாகவே இன்ஜின் நினைத்துக்கொள்ளும். கொட்டகையில் எலி இருந்தால் இந்த ஒயருக்கு ஆயுசு குறைவு. ஒயரும் சரி, பிளக்கும் சரி என்றால் மிச்சம் இருப்பது காயில். அது மெக்கானிக்கின் வேலை.

படி 4: மூச்சு விட முடிகிறதா?

ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே செம்மண் அப்பியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவையுங்கள். பிறகு சுத்தமான இன்ஜின் ஆயிலில் நனைத்து, ஒட்டப் பிழிந்து மாட்டுங்கள். பிழியாமல் சொட்டச் சொட்ட மாட்டினாலும் ஸ்டார்ட் ஆகாது. பேப்பர் ஃபில்டர் என்றால் லேசாகத் தட்டித் தூசியைப் போக்கலாம். கழுவக் கூடாது, எண்ணெயும் கூடாது. ரொம்ப அழுக்கு என்றால் புதிதாக மாற்ற வேண்டியதுதான்.

'ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் நல்லா ஓடுது' என்று அதைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். வீடர் ஓடுவது புழுதிக்கு நடுவில். அந்தப் புழுதி சிலிண்டருக்குள் போனால் உப்புத்தாள் போல ரிங்கைத் தேய்த்துவிடும். இன்றைக்கு மிச்சமான ஃபில்டர் காசு, அடுத்த வருடம் இன்ஜின் பிரிக்கும் செலவாக வந்து நிற்கும்.

படி 5: கார்புரேட்டர்

புது பெட்ரோல், நல்ல பிளக், சுத்தமான ஃபில்டர். மூன்றும் இருந்தும், சோக் போட்டால் மட்டும் ஓடி, சோக்கைத் திறந்ததும் நின்றுவிடுகிறதா? கார்புரேட்டரில் இருக்கும் ஜெட் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

கைப்பழக்கம் இருந்தால் கிண்ணத்தைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்யலாம். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஜெட்டின் துளையை ஊசியாலும் கம்பியாலும் குத்தக் கூடாது. அந்தத் துளையின் அளவுதான் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. துளை பெரிதாகிவிட்டால் பிறகு எப்போதும் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். பழக்கம் இல்லை என்றால் இந்தப் படியிலிருந்து மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை. கார்புரேட்டரின் வாயிலோ பிளக் துளையிலோ பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. இன்ஜின் பின்னால் உதைத்தால் தீ வெளியே வரும். நிற்பது தென்னை ஓலைக் கொட்டகைக்குப் பக்கத்தில் என்பதை மறந்துவிடாதீர்கள்.

படி 6: கயிறு லேசாக வருகிறதா?

கயிறை இழுக்கும்போது நடுவில் கனமாகத் தட்டுப்பட வேண்டும் என்றோம் இல்லையா? அதுதான் கம்ப்ரஷன். எந்தத் தடையும் இல்லாமல் 'சர்' என்று வந்தால் வால்வு, ரிங், ஹெட் கேஸ்கட் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் கோளாறு.

'காலையில் ஸ்டார்ட் ஆகுது. டீ குடிச்சுட்டு வந்து இழுத்தா ஆக மாட்டேங்குது' என்பது பலரும் சொல்லும் புகார். சூடானதும் மட்டும் தகராறு செய்தால் இரண்டு சந்தேகம் வரும். ஒன்று, வால்வின் இடைவெளி குறைந்து, சூட்டில் முழுதாக மூடாமல் இருக்கலாம். இரண்டு, இக்னிஷன் காயில் சூடானால் வேலை செய்யாமல் போகலாம். மெக்கானிக்கிடம் 'சூடானா மட்டும்தான் பிரச்னை' என்ற இந்த ஒரு வரியைச் சொன்னாலே அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

கயிறு கையைப் பிடுங்குவது போல் திருப்பி உதைத்தால் இழுப்பதை நிறுத்திவிடுங்கள். கத்தி நேரடியாக இன்ஜின் தண்டில் சுற்றும் புல்வெட்டிகளில், கல்லில் அடிபட்ட பிறகு இப்படி ஆவதுண்டு. ஃபிளைவீலைப் பிடித்திருக்கும் சின்ன 'கீ' நசுங்கி, ஸ்பார்க் வரும் நேரம் மாறியிருக்கும்.

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியா? இதையும் பாருங்கள்

பள்ளி, கல்லூரி மைதானம், ரிசார்ட் போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இது உதவும். இந்த வண்டிகளில் கயிறுக்குப் பதில் சாவி. அதனால் கூடுதலாகச் சில சோதனைகள் உண்டு.

* சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா? பிரேக்கை முழுதாக மிதித்திருக்கிறீர்களா, கத்தி 'ஆஃப்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டில் சரியாக உட்காருங்கள். சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் எழுந்தால் இன்ஜின் நிற்பதற்காக வைத்தது. இந்தப் பாதுகாப்பு சுவிட்சுகளை ஒயர் போட்டு 'பைபாஸ்' செய்யவே கூடாது. விழுந்தவரின் மேல் கத்தி ஓடாமல் காப்பது அதுதான்.
* 'டிக் டிக்' என்று மட்டும் கேட்கிறதா? பேட்டரியையும் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் படிவையும் பாருங்கள். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும்.
* அரைச் சுற்று சுற்றி, மூச்சு முட்டினாற்போல் நின்று நின்று சுற்றுகிறதா? பேட்டரி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். புது பேட்டரி போட்டும் அப்படியே இருந்தால் வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆகும்போது வால்வைச் சற்றே திறந்து அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு இந்த இன்ஜின்களில் உண்டு. வால்வு இடைவெளி கூடினால் அது வேலை செய்யாது. வெறும் அட்ஜஸ்ட்மென்ட்டில் முடியும் வேலைக்குப் பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் வாங்கியவர்கள் உண்டு.

தோளில் மாட்டும் பிரஷ் கட்டரா?

டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டருக்குப் பெட்ரோலோடு டூ-டி ஆயில் கலக்க வேண்டும். எவ்வளவு என்பதைக் கையேடு சொல்லும். ஒரு லிட்டருக்கு 25 மில்லியா, 40 மில்லியா என்பது மிஷினுக்கு மிஷின் மாறும். கூடுதலாகக் கலந்தால் பிளக் கரி பிடித்து ஸ்டார்ட் ஆகாது. குறைவாகக் கலந்தால் பிஸ்டனே ஒட்டிக்கொள்ளும். கலந்ததை மாதக்கணக்கில் வைத்து ஊற்றாதீர்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது...

இந்த ஐந்தையும் சொல்லுங்கள்: கடைசியாக எப்போது ஓடியது, பெட்ரோல் எப்போது ஊற்றியது, குளிர்ந்திருக்கும்போது தகராறா சூடான பிறகா, பிளக் காய்ந்திருந்ததா நனைந்திருந்ததா, நீங்கள் எதை எதை மாற்றினீர்கள். சீசன் நேரத்தில் பட்டறையில் வரிசையாக மிஷின்கள் நிற்கும். விவரம் தெரிந்தால் உங்கள் வீடர் சீக்கிரம் வெளியே வரும். தேவையில்லாத பார்ட்ஸ் மாற்றும் செலவும் குறையும்.

அடுத்த போகத்துக்கு இப்போதே...

* அன்றைய வேலை முடிந்ததும் சுவிட்சை அணைக்காமல், பெட்ரோல் காக்கை மூடுங்கள். கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும். பிறகு சுவிட்சை அணையுங்கள்.
* ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிடுங்கள். எடுத்த பெட்ரோல் புதிது என்றால் அன்றே பைக்கில் ஊற்றிவிடலாம்.
* பெட்ரோலை ஒன்றிரண்டு வாரத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலில் வேண்டாம். மூடி இறுக்கமான, பெட்ரோலுக்கென்றே உள்ள கேனில் வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.
* மிஷினை மழை, பனி படாத இடத்தில், சாய்க்காமல் நிறுத்துங்கள்.
* மண்ணெண்ணெயில் ஓடும் பழைய பம்ப்செட் இன்ஜின் வைத்திருப்பவர்கள், நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு மாற்றி சற்று நேரம் ஓட்டுங்கள். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் காலை ஸ்டார்ட் ஆகாது.

இது ஏன் முக்கியம்?

வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15-ல் தொடங்கப்பட்டது. இந்தத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண் விவசாயிகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50% வரையிலும், மற்றவர்களுக்கு 40% வரையிலும் உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை இதைச் செயல்படுத்துகிறது. விவரங்களை 'உழவன்' செயலியில் பார்க்கலாம்.

ஆனால், மானியம் போக மீதிப் பணம் விவசாயியுடையது. நகை அடகு வைத்துக் கட்டிய பணமாகவும் அது இருக்கலாம். அப்படி வாங்கிய மிஷின், அரை லிட்டர் பழைய பெட்ரோலுக்காகக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடப்பதும், கடைசியில் இரும்புக் கடைக்குப் போவதும் எவ்வளவு பெரிய நஷ்டம்?

இன்னொன்றையும் யோசியுங்கள். வீட்டில் ஆண்கள் ஓசூர், பெங்களூர் என்று வேலைக்குப் போய்விட, தோட்டத்தைப் பார்ப்பது பல இடங்களில் பெண்கள்தான். 'கயிறு இழுக்க ஆம்பளை வரணும்' என்று மிஷின் காத்துக்கிடந்தால், அது அவர்களுக்குப் பயன்படாத மிஷின். நல்ல நிலையில் இருக்கும் இன்ஜின் இரண்டு மூன்று இழுப்பில் கிளம்ப வேண்டும். அதற்குப் பலம் தேவையில்லை, பராமரிப்பு போதும்.

எனவே, இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். கொட்டகையில் நிற்கும் மிஷினின் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே போன போகத்துப் பெட்ரோல் இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். களை வந்த பிறகு கார்புரேட்டரைக் கழற்ற உங்களுக்கு நேரம் இருக்காது!